கூத்துக் கொப்பிகளுடன் ஒரு பயணம்

வியாழக்கிழமை, உதயதேவி புகையிரதத்தில்

எங்கள் ஆசிரியர் காலமாகி ஓராண்டு நிறைகின்ற இந்த வாரத்தில், அவர் தம் கையால் எழுதி வைத்துவிட்டுப் போன கூத்துக் கொப்பிகளை உரிய ஊர்களில் சேர்ப்பதற்காக மட்டக்களப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கொப்பியின் முதற்பக்கத்திலும் அது எந்த ஊருக்கு, கூத்தைப் பழக்கும் எந்த அண்ணாவியார் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறாராம். டீச்சர் தொலைபேசியில் சொன்னார். டீச்சர் என்று நாங்கள் அழைப்பது ஆசிரியரின் துணைவியாரை. அவரும் எங்களுக்குக் கற்பித்தவர். "ஆரெல்லாமோ வந்து கேக்கிறாங்க, புள்ள. நீ வந்து ஒழுங்காக் கொண்டுபோய்க் குடு. அவர் எழுதினபடி நடக்கட்டும்" என்றார். பாடசாலைக்கு விடுமுறை என்பதால் உடனே புறப்பட முடிந்தது.

ஆசிரியரின் பெயரை இக்குறிப்புகளில் எங்கும் எழுதப் போவதில்லை. தம் பெயர் எந்த அழைப்பிதழிலும், எந்த மேடைப் பதாகையிலும் இடம்பெற அவர் சம்மதித்ததில்லை; அதை நான் மீறக் கூடாது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் செய்து வாழ்ந்த குடும்பமொன்றிலிருந்து 1962 இல் பேராதனைக்குச் சென்று, தம் ஊரின் முதற் பட்டதாரியாகத் திரும்பியவர் என்று சொன்னால் போதும். நிர்வாக சேவைப் பரீட்சை எழுதும்படி உறவினர் வற்புறுத்தினார்கள். அவர் ஆசிரியத் தொழிலையே கேட்டுப் பெற்றுக்கொண்டார். மாலை நேரங்களும் தவணை விடுமுறைகளும் கூத்துக்குக் கிடைக்கும் என்பதே காரணம் என்று வகுப்பில் ஒருமுறை எங்களுக்குச் சொன்னார்.

கல்லோயாச் சந்தியில் திருகோணமலைக்குப் போகும் வண்டிப் பாதை பிரிகிறது. அங்கிருந்து பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனாணை என்று வறண்ட காட்டுக்குள் நெடுநேரம் ஓடிய பிறகுதான் வாழைச்சேனையில் வாவியின் காற்று முகத்தில் படுகிறது. அறுவடை முடிந்த வயல்கள் ஏறாவூர் வரையிலும் தெரிந்தன. பெரும்போக வெள்ளாமை வெட்டி, சூடடித்து, நெல் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஊர்களில் கூத்துப் பழக்கத் தொடங்குவார்கள். இந்தப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான காலம் வேறில்லை.

வெள்ளிக்கிழமை, கல்லடி

காலையில் திவசம் நடந்தது. சமையல் முழுவதையும் பழைய மாணவர்கள் பொறுப்பேற்றிருந்தார்கள். படையலில் அவருக்குப் பிடித்த கணவாய்க் கறி இல்லாத குறையை டீச்சர் இரண்டு தடவை சொன்னார்; சைவப் படையலில் அதற்கு இடமில்லை என்று அவரே தம்மைத் தேற்றியும் கொண்டார். பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு, மேசை மீது கொப்பிகளை அடுக்கிவைத்துப் பார்த்தோம்.

இக்கொப்பிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அதை முதலில் எழுத வேண்டும். ஆசிரியர் 1960களின் நடுப்பகுதியிலிருந்து, ஊர் ஊராகச் சென்று அண்ணாவியார்களின் வீடுகளில் இருந்த ஏடுகளையும் பழைய கொப்பிகளையும் பார்த்தெழுதினார். பார்த்தெழுதியவர் தமக்கொரு பிரதியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஏட்டுக்காரருக்குப் புதிய பிரதி ஒன்று, அந்தக் கூத்தை ஆட விரும்பிய அயலூருக்கு மற்றொன்று என்று இரவுகளில் இருந்து எழுதி, தாமே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். முழு இரவு ஆடும் கூத்தின் கொப்பி சிறியதன்று. கட்டியகாரன் வரவிலிருந்து மங்களம் வரைக்கும் விருத்தமும் தருவும் கொச்சகமும் வசனமுமாக நூற்றுக்கணக்கான பாடல்கள் வரும். ஒவ்வொரு வரவுக்கும் உரிய தாளக்கட்டையும் பிழையின்றி எழுத வேண்டும்.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் காலையில் கடல் கல்லடிக்குள் புகுந்தபோது, கடற்கரைத் தெருவில் இருந்த அவருடைய வீட்டின் முன்னறை சுவரோடு போயிற்று. அந்த அறையில்தான் அலுமாரி இருந்தது. அவரும் டீச்சரும் உயிர் தப்பினார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எழுதிச் சேர்த்தவற்றில் ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் சாய்ந்து நிற்பதை அந்த நாட்களில் வந்து பார்த்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான், "கொப்பியெல்லாம் போயிற்று, ஆனால் கூத்துப் போகவில்லை, அவை ஊர்களில் இருக்கின்றன" என்று அவர் என்னிடம் சொன்னார். சில மாதங்களில், முன்பு அவர் கொடுத்த பிரதிகளை ஊரவர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து தந்தார்கள். சில பிரதிகளில் எண்ணெய்க் கறையும் வெற்றிலைக் கறையும் படிந்திருந்தன. களரியில் பின்னே நின்று பாடும் பிற்பாட்டுக்காரர்கள் ஓரங்களில் தம் குறிப்புகளை எழுதியிருந்தார்கள். அறுபது வயது கடந்த அவர், தாம் எழுதியவற்றையே மறுபடியும் பார்த்தெழுதத் தொடங்கினார். ஓரக் குறிப்புகளையும் விடாமல் எழுதினார். இப்போது மேசை மீது இருப்பவை அந்த இரண்டாவது பிரதிகள்.

கொடுத்தவை மட்டுமே தப்பின. அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது இதுதான். பணத்தையும் அவர் நிறையக் கொடுத்தார். எங்களில் பலர் உயர்தரம் படித்தது அவர் தந்த பஸ் காசில். நாடகமும் அரங்கியலும் பாடத்தை நான் எடுக்க விரும்பியபோது, பெண்பிள்ளை கூத்தாடப் போகிறாளா என்று என் வீட்டில் மறுத்தார்கள். ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் வந்திருந்து, என் அப்பப்பாவோடு ஒரு மாலை முழுவதும் வயலைப் பற்றியும் மழையைப் பற்றியும் கதைத்தார். போகும்போதுதான், "பிள்ளைக்கு நல்ல குரல், படிக்கட்டும்" என்றார். மறுநாள் மறுப்பு இருக்கவில்லை.

மாலையில் சிவானந்த வித்தியாலய வளவுக்கு நடந்து சென்றேன். சுவாமி விபுலாநந்தர் 1947 இல் மறைந்த பிறகு அவரை அடக்கம் செய்த இடம் அங்கேதான் இருக்கிறது. 'வெள்ளைநிற மல்லிகையோ' என்ற அவருடைய பாடல் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தவணையும் ஆசிரியர் எங்களை இங்கே அழைத்துவந்து சுவாமியின் நாடக நூலான மதங்கசூளாமணியைப் பற்றிப் பேசுவார். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியான ஒருவர், துறவு பூண்ட பிறகு, நாடகத்தின் இலக்கணத்தைப் பற்றி எழுதி, சேக்ஸ்பியரின் 12 நாடகங்களை அதில் தமிழருக்கு அறிமுகப்படுத்தி, 1926 இல் நூலாகத் தந்தது எத்தகைய துணிவு என்று ஒவ்வொரு தடவையும் வியந்து சொல்வார். நாடகத்தைப் படித்தவர்கள் இழிவாகக் கருதிய ஒரு காலத்தில், படிப்பும் துறவும் ஒருங்கே வாய்த்த ஒருவர் அதைத் தம் தலைமேல் தூக்கிவைத்தார் என்பதை நாங்கள் உணர வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

சனிக்கிழமை, வந்தாறுமூலை

இன்றைக்குக் கொடுக்க வேண்டியது ஒரு கொப்பிதான். அதைக் கொடுத்த பிறகு கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடந்தேன். 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் பல்கலைக்கழகமான இந்த இடத்தில்தான், 1990 செப்டெம்பர் 5 ஆம் நாள், அடைக்கலம் தேடி வந்திருந்த மக்களிலிருந்து 158 பேர் அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. ஆசிரியரிடம் கூத்துப் பழகியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். இதற்கு மேல் இதைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதில்லை. அவ்வாண்டுக்குப் பிறகு நெடுங்காலம் மத்தளச் சத்தமே ஊரில் கேட்கவில்லை என்பதை டீச்சர்தான் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

வந்தாறுமூலை என்றால் ஆசிரியருக்குச் செல்லையா அண்ணாவியாரின் ஊர். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துக்குப் புத்துயிர் கொடுக்க முனைந்தபோது, மாணவருக்கு ஆட்டம் பழக்குவதற்கு வந்தாறுமூலையிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர் அவர். 1956 இல் சரச்சந்திரவின் 'மனமே' என்ற நாடகம் சிங்கள நாடக உலகில் ஏற்படுத்திய எழுச்சியைப் பேராதனையில் இருந்தவர்கள் நேரில் கண்டவர்கள். தமிழரிடம் உயிரோடு இருக்கின்ற ஆட்டமரபை வைத்துக்கொண்டு நாம் ஏன் வாளாவிருக்கிறோம் என்ற கேள்வி அங்கே எழுந்தது. 1962 இல் கர்ணன் போர், 1963 இல் நொண்டி நாடகம், 1964 இல் இராவணேசன், 1968 இல் வாலிவதை என்று அடுத்தடுத்து மேடையேறின. வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் விடியுமட்டும் ஆடிய கூத்தை, மூன்று பக்கமும் மூடிய மேடைக்கு ஏற்றபடி, ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சுருக்கினார்கள். இராவணனாக ஆடிய அமிர்தகழி மாணவர் மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

எங்கள் ஆசிரியர் அந்த ஆண்டுகளில் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தார். அவர் ஆடவில்லை. ஒத்திகை நடக்கும் மண்டபத்தின் வாசலில் நின்று மாலை மாலையாகப் பார்த்தார். பேராசிரியர்களும் விரிவுரையாளர்களும் நிற்கின்ற ஓர் இடத்தில், பள்ளிப்படிப்புக் குறைந்த ஓர் அண்ணாவியார் மத்தளத்தைக் கட்டிக்கொண்டு நடுவே நிற்க, எல்லோரும் அவருடைய சொல்லுக்குக் கால் எடுத்து வைத்ததைத் தாம் கண்டதாகவும், தம் பட்டப்படிப்பில் தாம் கற்ற பெரிய பாடம் அதுவென்றும் சொல்வார். ஊருக்குத் திரும்பியபோது அவர் தம்மை அண்ணாவியார்களின் மாணவராகவே கருதியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சுருக்கிய கூத்தை அவர் குறைவாக மதிப்பிட்டதில்லை. இராவணேசனைப் பற்றிப் பேசும்போது அவருடைய குரலே மாறிவிடும். ஆனால் ஒன்றை மட்டும் வலியுறுத்துவார்: சுருக்குவதற்கு முதலில் முழு இரவுக் கூத்து ஒன்று இருக்க வேண்டும், அது ஊரில் இருக்க வேண்டும், அதை ஆடத் தெரிந்தவர்களுக்கு அதன் கொப்பி கையில் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, படுவான்கரை

மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்தோம். 2014 இல் இந்தப் பாலம் திறக்கப்படுமுன் இங்கே 'பாதை' எனப்படும் மிதவையில்தான் கடக்க வேண்டும். ஆட்களையும் சைக்கிள்களையும் மாடுகளையும் ஏற்றிக்கொண்டு அது அசைந்து அசைந்து அக்கரைக்குப் போகும். கூத்து அரசர்கள் அணியும் கரப்புடுப்புகளின் பெட்டிகளை அந்தப் பாதையில் ஏற்றி இறக்கிய கதைகளை ஆசிரியர் நிறையச் சொல்லியிருக்கிறார். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, மேற்கே வயல்களுக்கு நடுவால் சென்று, அவருடைய சொந்த ஊரை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

இந்த ஊருக்கு உரிய கொப்பி ஒரு வடமோடிக் கூத்து. பாரதக் கதை, போர் நிறைந்தது. மட்டக்களப்புக் கூத்தின் இரு வகைகளுள் வடமோடி பெரும்பாலும் இதிகாசங்களையும் போரையும் வீரத்தையும் எடுத்துக்கொள்ளும். தென்மோடியில் காதற் கதைகள் மிகுதி, பாட்டின் இழைவும் கூடுதல். ஆட்டத்தின் நுணுக்கம் தென்மோடியில்தான் என்று தென்மோடிக்காரர் அடித்துச் சொல்வார்கள். ஆசிரியர் வடமோடி ஊரில் பிறந்தவராயினும் அந்த வழக்கில் எந்தப் பக்கமும் சேர்ந்ததில்லை. இரண்டுக்கும் சமமாகக் கொப்பி எழுதினார்.

அண்ணாவியார் வீட்டு முற்றத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். கொப்பியை வட்டாவில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தேன். அண்ணாவியார் எழுந்து நின்று இரு கைகளாலும் வாங்கி, கண்களில் ஒற்றி, முதற்பக்கத்தைத் திறந்தார். அங்கே தம் தகப்பனாரின் பெயரும், அதன் கீழே தம் பெயரும் ஆசிரியரின் கையெழுத்தில் இருப்பதைக் கண்டு சற்று நேரம் பேசாதிருந்தார். தகப்பனாரிடமிருந்த ஏட்டைப் பார்த்துத்தான் ஆசிரியர் முதன்முதல் எழுதத் தொடங்கினாராம். அவருடைய முதற் கொப்பி இந்த முற்றத்தில், கைவிளக்கு வெளிச்சத்தில் எழுதப்பட்டது.

பிறகு பேச்சுத் தொடங்கியது. எண்பது வயது கடந்த ஒரு பெரியவர், ஆசிரியரின் இளமைக்கால நண்பர், 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு வீசிய சூறாவளியைப் பற்றிச் சொன்னார். ஊரில் ஓலைக்கூரை ஒன்றும் மிஞ்சவில்லை. தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. கூத்துடுப்புகள் வைத்திருந்த வீட்டின் கூரை பறந்து, கரப்புகளும் முடிகளும் புயபூசணங்களும் மழையில் ஊறி அழிந்துபோயின. வடமோடி அரசர்களின் கரப்புடுப்பு இலேசில் செய்யக்கூடியதன்று. பிரம்பை வளைத்துக் கூடாகக் கட்டி, துணி போர்த்தி, சரிகையும் மணியும் கண்ணாடியும் வைத்துத் தைக்க வேண்டும். அரசர் பலர் வருகின்ற கூத்துக்கு அத்தகைய உடுப்புகள் பல வேண்டும். வீட்டுக்கே கூரையில்லாத ஊரில் கூத்துடுப்புக்கு யார் காசு கேட்பது? அடுத்த ஆண்டு அறுவடைக்குப் பிறகு ஆசிரியர் கைவினைஞர் ஒருவரைத் தம் செலவில் அழைத்து வந்து, தம் வீட்டிலேயே தங்கவைத்து, எல்லா உடுப்புகளையும் புதிதாகச் செய்வித்தார். அதற்காக அவர் ஆசிரியர்களுக்கான கடனை எடுத்திருந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஊருக்குத் தெரியவந்தது.

"சேர் ஒருநாளும் களரிக்குள்ள ராசாவா வந்ததில்ல, புள்ள. பிற்பாட்டுக்குத்தான் நிப்பார். ராசாக்களுக்கெல்லாம் உடுப்புக் குடுத்த மனுசன், தான் ஒரு முடியும் வச்சதில்ல" என்றார் பெரியவர். இதைச் சொல்லும்போது அவருடைய கண்கள் கலங்கின.

இரவு உணவுக்குப் பிறகு பழக்கம் தொடங்கியது. சட்டம் கொடுத்து, அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவுசெய்து பாட்டுகளைக் கையளித்து, ஏற்கனவே சில வாரங்கள் ஆகிவிட்டன. இனிச் சதங்கை அணிதல், அதன் பிறகு வாரந்தோறும் ஆடிப் பார்க்கும் கிழமைக் கூத்து, முழுக் கூத்தையும் ஒத்திகை பார்க்கும் அடுக்குப் பார்த்தல், கடைசியில் களரி கட்டி அரங்கேற்றம். வயலில் வேலை செய்துவிட்டு வந்த இளைஞர்களும் இரண்டு பல்கலைக்கழக மாணவர்களும் ஒரே வரிசையில் நின்று வீசாணம் என்ற ஆட்டத்தைப் போட்டார்கள். ஒருவனுக்கு எட்டுப் போடுவதில் கால் தவறிக்கொண்டே இருந்தது. அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி, வாயால் தாளக்கட்டைச் சொல்லி, அவனோடு சேர்ந்து தாமே ஆடிக் காட்டினார். ஐந்தாறு முறைக்குப் பிறகு கால் பிடிபட்டது. முற்றத்தைச் சுற்றியிருந்த பெண்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள்கூட, "ஓ, சரி!" என்று சத்தமிட்டார்கள். கூத்தைப் பழகுபவர்களைவிடப் பழக்கத்தைப் பார்க்க வருபவர்களுக்கு அதன் பாட்டுகள் நன்றாகத் தெரியும் என்பதை இத்தகைய முற்றங்களில்தான் காண முடியும். அரங்கேற்ற இரவில் ஆட்டக்காரர் ஓர் அடியை விட்டுவிட்டால் முதலில் கண்டுபிடிப்பவர்களும் இவர்களே.

மரபாகக் களரியில் ஆண்கள்தாம் ஆடுவார்கள். பெண் பாத்திரங்களும் அவர்களுடையவையே. இன்று சீலாமுனையிலும் கல்லடி அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் நிலைமை மாறியிருக்கிறது. ஆசிரியர் இதைப் பாடசாலையில் மெல்லத் தொடங்கியவர்களுள் ஒருவர். தமிழ்த்தினப் போட்டிக்காக அவர் எங்களுக்குப் பழக்கிய சிறு கூத்தில் எனக்குத் திரௌபதி கிடைத்தது. ஆட்டம் பழக்குவதற்கு அவர் இந்த அண்ணாவியாரையே பாடசாலைக்கு அழைத்துவந்தார். பெண்பிள்ளைகளுக்குப் பழக்க அண்ணாவியார் முதலில் தயங்கியதையும், "கால் எல்லாருக்கும் ரெண்டுதானே, அண்ணாவியார்" என்று ஆசிரியர் சொன்னதையும் இன்றிரவு அண்ணாவியாரே நினைவுபடுத்திச் சொன்னார். பரிசு கிடைத்தபோது மேடையில் ஏறி அதை வாங்கியவரும் அண்ணாவியார்தான். ஆசிரியர் சபையில் பின்வரிசையில் நின்று கைதட்டினார்.

அரங்கேற்றத்துக்குப் பின்னர் கூத்துக் குழு வீடு வீடாகச் சென்று ஆடும். வீட்டுக்காரர் தம்மால் இயன்றதைக் கொடுப்பார்கள். ஊர் முழுவதும் கூத்துக்குப் படி அளக்கின்ற முறை அது. ஆசிரியருடைய கொடையை அதிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. மாதச் சம்பளம் வாங்கும் ஒருவராகத் தம் வீட்டுப் பங்கைத்தான் அவர் கொடுத்தார். மற்றவர்களுக்குச் சம்பளம் இல்லாததால் அந்தப் பங்கு பெரிதாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை, மண்டூரிலிருந்து காரைதீவு வரை

மண்டூர் முருகனைக் கும்பிட்டு, அங்கே ஒரு கொப்பியைக் கொடுத்துவிட்டு, பாதையில் ஏறிக் குருமண்வெளிக்கு வந்தோம். அங்கிருந்து பஸ்ஸில் களுவாஞ்சிகுடி, கல்லாறு வழியாக அம்பாறை மாவட்டத்துக்குள் நுழைந்து பாண்டிருப்பில் இறங்கினோம். இங்குள்ள திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் நடைபெறும் 18 நாள் உற்சவத்தைப் பார்க்க ஆசிரியர் தவறாமல் வருவார். பாண்டவர் வனவாசம் போவதும் அருச்சுனன் தவநிலையும் இங்கே சடங்காக நிகழ்கின்றன; பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் பாண்டவரோடு தெருவில் நடக்கிறார்கள்; முடிவில் தீமிதிப்பு. பார்ப்பவரும் ஆடுபவரும் பிரிந்து நிற்காத இந்த நிலையைப் பற்றி அவர் பல மணி நேரம் பேசக்கூடியவர்.

இன்றைய பயணத்தில் என் மனத்தில் ஆழப் பதிந்தது சம்மாந்துறை வீடு. ஆசிரியரோடு ஒரே பாடசாலையில் பல ஆண்டுகள் கற்பித்த முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் அங்கே இருக்கிறார். கொப்பியின் முதற்பக்கத்தில் அவருடைய பெயரைக் கண்டபோது நாங்கள் வியந்தோம். விடயத்தை அவரே விளக்கினார். ஊர்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்த காலத்தில், கொப்பிகளின் ஒரு பகுதியை இரும்புப் பெட்டியொன்றில் வைத்து, எங்கள் ஆசிரியர் இவருடைய வீட்டில் ஒப்படைத்திருந்தார். இரு சமூகங்களுக்கும் இடையில் கசப்பு மிகுந்திருந்த நாட்கள் அவை. அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும், "என்ட கூட்டாளியின்ட சாமான்" என்று மட்டும் சொல்லி அவர் அதைக் காத்தார். நிலைமை சீரான பிறகு பெட்டி திரும்பிப் போயிற்று. நன்றிக்கு என்ன செய்வதென்று ஆசிரியர் கேட்டபோது, தம் ஊரில் கம்புகளோடு ஆடும் களிகம்பு ஆட்டக்காரர்களின் பாட்டுகளையும் இதே போல எழுதித் தரும்படி கேட்டாராம். அந்தப் பாட்டுகள்தாம் நாங்கள் கொண்டுசென்ற கொப்பியில் இருந்தன.

"உங்கட சேர் எழுதித் தந்தது ஒண்டு வீட்டில இருக்கு, மகள். இது ரெண்டாவது. ஒண்டு பழுதாப் போனாலும் மற்றது இருக்கணும் எண்டு நினைச்சிருக்கார்" என்று சொல்லி, மதியச் சாப்பாடு சாப்பிடாமல் எங்களைப் போக விடவில்லை.

பிற்பகலில் காரைதீவில் விபுலாநந்தர் பிறந்த மண்ணில் சற்று நேரம் இருந்தோம். 1892 இல் இங்கே பிறந்த அவர், முதலில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். டீச்சரும் கூடவே வந்திருந்தார். கால்வலி காரணமாக அதிகம் நடக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை, கல்லடி

கொடுக்க முடியாமல் இரண்டு கொப்பிகள் எஞ்சியிருக்கின்றன. ஒன்று தென்மோடி, மற்றது வடமோடி. முதற்பக்கத்தில் குறித்த அண்ணாவியார்கள் இருவரும் காலமாகிவிட்டார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த ஊர்களில் இப்போது கூத்துப் பழக்குவோர் இல்லை.

ஆசிரியருடைய முடிவுகளில் ஒன்றோடு மட்டும் நான் உடன்படவில்லை, அதை டீச்சரிடமும் இன்று சொன்னேன். அவர் இக்கூத்துகளை அச்சிட்டிருக்க வேண்டும். வித்தியானந்தன் 1962 இலேயே அலங்காரரூபன் நாடகத்தைப் பதிப்பித்ததால்தான் அந்தத் தென்மோடிக் கூத்து இன்று உலகெங்கும் உள்ள மாணவருக்குக் கிடைக்கிறது. கூத்துக் கொப்பி ஆடுபவனின் கையில் இருக்க வேண்டும், புத்தகமாகி அலுமாரிக்குள் போனால் ஆட்டம் நின்றுவிடும் என்பது ஆசிரியரின் அச்சம். அச்சமும் நியாயமானதுதான். ஆனால் ஆடுபவரே இல்லாத ஊர்களின் கூத்துகளுக்கு அச்சையும் படப்பிரதியையும் விட்டால் வேறு காவல் இல்லை.

டீச்சர் நெடுநேரம் யோசித்தார். பிறகு, இரு கொப்பிகளையும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் நூலகத்துக்குக் கொடுப்போம் என்றார். அதற்கு முன் இங்கேயே மேசையில் வைத்து, பக்கம் பக்கமாகத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பழைய மாணவர்கள் மூவர் வந்து இரவு ஒன்பது மணிக்குள் அதைச் செய்து முடித்தோம். ஓரக் குறிப்புகள் மங்கலாக இருந்த பக்கங்களை இருமுறை எடுத்தோம்.

நூலகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தை டீச்சரே எழுதினார். ஆட விரும்பும் எந்த ஊருக்கும், எந்தப் பாடசாலைக்கும், கேட்டவுடன் பிரதி கொடுக்க வேண்டும். அதற்குப் பணம் வாங்கக் கூடாது. ஆட முன்வருபவர் அரங்கேற்றத்தின்போது அந்த இரு அண்ணாவியார்களின் பெயர்களையும் சபையில் சொல்ல வேண்டும். எழுதியவரின் பெயரையும் சொல்லச் சொல்லலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நாளை காலை ஒன்பது மணிக்கு நூலகம் திறக்கும். கடிதத்தையும் கொப்பிகளையும் கொடுத்துவிட்டு, இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்குப் புறப்படுவேன்.